இறங்கி வந்து சொன்னவன்

மார்கழிக் குளிருக்குக் குல்லா தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். குல்லா அகப்படவில்லை. நீ கொடுத்த சூடப் பொட்டலம் அகப்பட்டது. சூடம் என்றைக்கோ கரைந்து காற்றோடு போய்விட்டது. பேண்டேஜ் துணியில் வாசம் மட்டும் போகவில்லை. "மேல மூச்சு முட்டுனா மோந்து பாரு மாமா" என்று சொல்லி, நேபாளம் கிளம்பிய அன்று உன் ராஜபாளையத்துக் கடையில் வைத்து முடிந்து கொடுத்தாயே, அதேதான்.

கோர்ட் குமாஸ்தாவான எனக்கும் பேண்டேஜ் துணி வியாபாரியான உனக்கும் என்ன ஒட்டு என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்காத ஆளில்லை. மலைதான் ஒட்டு. அமாவாசை தவறாமல் என்னோடு சதுரகிரி ஏறுவாய். "சாமி ஒனக்கு, மலை எனக்கு" என்பாய்.

அங்கே இறங்கி வருகிற யாரிடம் "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "இந்தா வந்துருச்சு, செத்த நேரந்தான்." அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஏறுவோம். "வாய் கூசாமப் புளுகுதானுவ பாரு" என்று எரிந்து விழுவேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். "ஏறிட்டு எறங்குதவன் சொன்னா அது பொய்யில்ல மாமா. அவனுக்கு அந்த உரிமை உண்டு."

தொண்ணூறுகளில் பதினோரு பேராக நேபாளம் போனோம். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்பதால் வந்த துணிச்சல். எட்டாம் நாள் கணவாய் ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன். பத்தடி நடந்தால் நெஞ்சு உலைத்துருத்தியாக அடித்தது. இன்னும் இரண்டு மணி நேரம் என்று விரலைக் காட்டினார் வழிகாட்டி. முடியாவிட்டால் இப்போதே கீழே அனுப்பிவிடுகிறேன் என்றும் சொன்னார். சரியென்று சொல்ல வாயெடுத்தேன். பனிமலையைப் பார்க்கிற இத்தனை வருஷ ஆசை அந்த இடத்தோடு முடிந்திருக்கும்.

நீ என்னைத் தாண்டி இருபதடி ஏறினாய். நின்றாய். திரும்பி என்னிடமே இறங்கி வந்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "இந்தா வந்துருச்சு மாமா. செத்த நேரந்தான்."

"போடா, புளுகுமூட்டை!"

"ஏறிட்டுத்தானே வாரேன்? எந்திரி."

சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தேன். இருபதடி. மறுபடி நீ ஏறி, இறங்கி, அதையே சொன்னாய். எத்தனை தடவை என்று கணக்கில்லை. நான் ஒரு மலை ஏறினேன் என்றால் நீ அன்றைக்கு இரண்டு மலை ஏறியிருப்பாய், பாவி.

உச்சியில் மேகம் விலகியது. எதிரே நின்றதை மலை என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. நம் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் முழுவதையும் தூக்கி வைத்தாலும் அதன் முழங்காலுக்குத்தான் வரும். அண்ணாந்து பார்த்தேன், அங்கே மேகம். மேகத்துக்கும் மேலே பார்த்தேன். அங்கேயும் வெள்ளை வெளேரென்று அதுவே நின்றது. காற்றைத் தவிர ஒரு சத்தமில்லை. கை தானாகக் குவிந்தது, "கோவிந்தா" என்றேன். நீ தொழுகையில் வைப்பதுபோல் மண்டியிட்டு நெற்றியைப் பனியில் வைத்தாய். வெகுநேரம் கழித்து எழுந்து, "படச்சவனே... நாம இம்புட்டூண்டு மாமா" என்றாய். கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும்தான்.

இறங்கும்போது ஒரு வெள்ளைக்காரம்மா பாறையில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். "இந்தா வந்துருச்சும்மா, செத்த நேரந்தான்" என்று தமிழிலேயே சொன்னாய். என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே எழுந்து நடந்தாள்.

பொறவு, வருஷங்கள் கழித்து நீ கடைசியாகப் படுத்திருந்த மதுரை ஆஸ்பத்திரி. நெஞ்சு ஏறி இறங்க, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டுத் தூரம் மாமா?" என்று கேட்டாய். நான் என்ன செய்ய? "இந்தா வந்துருச்சு மாப்ளே, செத்த நேரந்தான்" என்றேன். உன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. நான் ஏறாத மலை அது. எனக்கு அந்த உரிமை இல்லை என்று உனக்குத் தெரியும்.

இப்போது எனக்கு ஆண்டாள் கோயில் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பொட்டலத்தை மோந்து பார்த்துக்கொள்கிறேன். பயம் இல்லையென்று சொன்னால் அது புளுகு. நீதான் முன்னால் ஏறிப் போயிருக்கிறாயே. நான் உட்கார்ந்துவிடுகிற இடத்துக்கு ஒரு இருபதடி இறங்கி வந்து சொல்லு மாப்ளே. எந்திரிச்சிருவேன்.