செவிமண்டபத்தைக் கண்நாட்டுக்குக் கொடுக்க வேண்டா

நலம் பெருகுக. தலையோட்டுக் கோட்டையுள் வீற்றிருந்து கை, கால், கண், வாய் முதலிய நாடுகள் அனைத்தையும் ஆள்பவரும், ஆயிரம் மடிப்புடையவரும், உறக்கத்திலும் ஆட்சி நீங்காதவருமாகிய மூளைப் பேரரசர் திருமுன்பு, இச்சிறுமியின் வலச்செவிக்கு உள்ளே நத்தை ஓடு போல் சுருண்டு கிடக்கும் சுருள்நாட்டின் அமைச்சன் விடங்கன் வணங்கி வரைந்த ஓலை.

கோட்டையின் உச்சியில் இன்னும் மூடாதிருக்கும் குழி நலமே மூடுக. தங்கள் நாடெங்கும் பால் தவறாது வந்து சேர்க. கண்நாட்டாரும் வாழ்க. அவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

செய்தி இது. கேட்கிறது.

இவ்வளவு எழுதிவிட்டு எழுத்தாணியைக் கீழே வைத்தேன். சுருளின் உச்சியிலிருந்து அடிவாயில் வரை ஓடிப் போய்த் திரும்பி வந்தேன். அமைச்சனுக்கு இது அழகன்று. மீண்டும் எழுதுகிறேன். பேரரசே, கேட்கிறது.

தங்கள் ஆணை சென்ற உறக்கத்தில் எங்களை அடைந்தது. சிறுமி பிறந்து இத்தனை நாள் ஆகியும் சுருள்நாட்டிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை என்றும், தலைநகரில் எங்களுக்கென ஒதுக்கிய செவிமண்டபம் வெறுமனே கிடக்கிறது என்றும், பார்த்த பொருள்களை வைக்க இடமின்றி வருந்தும் கண்நாட்டாருக்கு அதனை அடுத்த உறக்கத்துக்குள் அளிப்போம் என்றும் அதில் கண்டிருந்தது. ஆணை நியாயமானது. ஆனால் அது நிறைவேறினால், பின்பு நாங்கள் எத்தனை செய்தி அனுப்பினாலும் வாங்க ஆள் இராது. நாங்கள் கேட்போம். சிறுமி கேளாள்.

ஆகவே நடந்ததைக் கூறுகிறேன். தாங்கள் எங்கள் நாட்டுக்கு வந்ததில்லை. வரும் வழியும் இல்லை. நாட்டின் அமைப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மேலே ஓர் ஏரி உண்டு. அதில் உப்பு மிகுதி. கடலுப்பு அன்று, வேறோர் உப்பு. ஏரியின் கீழே தூவியர் வரிசையாகக் குடியிருக்கின்றனர். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு தூவிக்கொத்து. வெளியே ஓசை எழுந்தால் ஏரி அசையும். ஏரி அசைந்தால் தூவி சாயும். தூவி சாய்ந்தால் கூரை திறந்து உப்பு உள்ளே இறங்கும். உப்பு மேலே பட்டதும் தூவியர் துள்ளித் தம் காலடியில் உள்ள நரம்புக் கயிற்றை அடிப்பர். அக்கயிற்றின் மறுமுனை தங்கள் செவிமண்டபத்தில் உள்ளது. அடிவாயில் தெருவினர் கீச்சொலிக்குத் துள்ளுவர். உச்சித் தெருவினர் இடியொலிக்குத் துள்ளுவர். இடையில் உள்ளவர் இடைப்பட்டவற்றுக்கு.

துள்ளியபின் உப்பை வெளியேற்ற வேண்டும். இல்லையேல் தூவியர் அதில் மூழ்குவர். அதற்கென்றே அவர்களைச் சுற்றித் தாங்குநர் வாழ்கின்றனர். தாங்குநருக்குத் தூவி இல்லை, கயிறு இல்லை, புகழும் இல்லை. அவர்களின் வீட்டுக்கு வீடு கதவு உண்டு. தூவியர் சந்தில் கொட்டும் உப்பைத் தாங்குநர் அள்ளி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பர். அவர் அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுப்பார். இப்படியே அது ஏரியோரத்துக் கரைமேட்டை அடையும். கரைமேட்டார் அதை மீண்டும் ஏரியில் ஏற்றுவர். ஒரு துளி வீணாவதில்லை.

அக்கதவுகள் வழியே பேச்சும் போகும். கருவறைக் காலத்தின் முற்பகுதியில், வெளியோசை ஒன்றும் எட்டாத அந்நாளில், தாங்குநர் ஒருவர் காரணமின்றிக் கூவுவார். அடுத்த வீட்டார் மறுகூவல் இடுவர். அது கதவுக்குக் கதவு பரவும். பக்கத்துத் தூவியர் திடுக்கிட்டுக் கயிற்றை அடிப்பர். இது எங்கள் நாட்டு வழக்கம். விளையாட்டுப் போல் தோன்றும். ஆயினும் இதன் வழியாகவே செவிமண்டபத்தார், எந்தக் கயிறு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கற்றுக்கொண்டு வந்தனர். அது ஒத்திகை.

தங்கள் சபையார் அதை ஒத்திகை என்று அறியவில்லை. ஓசை இல்லாமலே ஓசைச் செய்தி வருகிறது, ஆகவே பொய்ச்செய்தி என்று கருதினர். வம்புப் பேச்சைத் தடுக்கத் தாங்குநர் வீட்டுக் கதவுகள் அனைத்தையும் அடைக்குமாறு ஓலை வந்தது. நாங்கள் அடைத்தோம். பேச்சு நின்றது. உப்பும் நின்றது. அவ்வோலையில் யாருடைய முத்திரை இருந்தது என்பதை நான் எழுதவில்லை. தாங்கள் அறிவீர்கள்.

அதன்பின் சிறுமி பிறந்தாள். வெளியே ஓசை இருந்திருக்க வேண்டும். இங்கே தூவியர் கழுத்தளவு உப்பில் நின்றனர். துள்ள இயலவில்லை. தங்கள் அதிகாரிகள் வந்து தூவியரைச் சோம்பேறிகள் என்று ஏசிவிட்டுப் போயினர். தாங்குநரை யாரும் விசாரிக்கவில்லை. கேட்பது அவர்கள் வேலை அன்று என்பதால்.

நேற்று அடிவாயில் தெருவில் ஒரு சச்சரவு. கொற்றன் என்னும் தூவியனுக்கும், அவனைத் தாங்கும் வெண்ணி என்பவளுக்கும். பின்னர் இருவரும் என்முன் கூறியதை அவர்கள் கூறியவாறே வரைகிறேன். சபை பொறுத்தருள்க.

கொற்றன் கத்தியது: “ஏ வெண்ணி! உப்பு மூக்குக்கு வந்தாச்சு. அள்ளுடி!”

வெண்ணி: “எங்க அள்ளறது? என் வீடே ரொம்பி வழியுது. அடுத்த வீட்டுக் கதவு அடைச்சுக் கெடக்கு. ராசா ஆணை. தொறந்தா என் தலை போயிரும்.”

கொற்றன்: “போனாப் போகட்டும். அந்தத் தலையில ஒரு தூவியாவது இருக்கா?”

இதை அவள் பொறுத்தாளாம். ஆனால் அடைத்த கதவுக்கு அப்பால் மருதி என்னும் அடுத்த வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். வெண்ணியின் வாக்குமூலம் வருமாறு: “அவன் திட்டினது பெருசில்லீங்க. அவன் எப்பவும் அப்படித்தான். இவ சிரிச்சா பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. ரெண்டு வார்த்தை கேக்கணும்னு கதவை ஒரே உதை. நாட்டுக்காக எல்லாம் உதைக்கல.”

கதவு விழுந்தது. தேங்கிய உப்பெல்லாம் மருதி வீட்டில் பாய்ந்தது. மருதி அலறித் தன் மறுபுறக் கதவை உடைத்து அதை அடுத்த வீட்டில் தள்ளினாள். அவர் அதற்கடுத்த வீட்டில் தள்ளினார். வசவு முன்னே போக உப்பு பின்னே போயிற்று. தெரு முழுதும் திறந்துகொண்டது. கரைமேட்டார் நெடுநாள் கழித்து உப்பு வருவதைக் கண்டு முதலில் ஓடினராம். பிறகு திரும்பி வந்து அள்ளினராம்.

அரசாணை மீறப்பட்டதென்று எனக்குச் செய்தி வந்தது. காவலருடன் புறப்பட்டேன். வெண்ணியைக் கட்டி இழுத்து வருவதே என் நோக்கம். அவள் வாயிலில் நின்று குற்றத்தைப் படிக்கத் தொடங்கினேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “படிங்க, படிங்க. கதவு இல்லாத வீடு, எல்லாருக்கும் கேக்கும்” என்றாள்.

அப்போது ஏரி அசைந்தது.

வெளியே யாரோ ஒரு கிண்ணத்தைக் கீழே போட்டார் என்று நினைக்கிறேன். கொற்றனின் தூவி சாய்ந்தது. உப்பு இறங்கியது. அவன் துள்ளினான். கயிற்றை அடித்த வேகத்தில் அவனே விழுந்தான். விழுந்தபடியே கூவினான்: “அடிச்சேன்! வெண்ணி, அடிச்சேன்! யாரோ என்னத்தையோ போட்டாங்க!”

“யாரு?” என்றாள் அவள்.

“எனக்கென்ன தெரியும்? போட்டவங்க நல்லா இருக்கட்டும்! இன்னொண்ணும் போடட்டும்!”

வெண்ணி உப்பை அள்ளினாள். மருதி முறைத்துக்கொண்டே கைநீட்டி வாங்கினாள். காவலர் வேலை மறந்து வரிசையில் நின்று உப்பைக் கைமாற்றினர். நான் குற்ற ஓலையை மடித்தேன். அமைச்சன் துள்ளினான் என்று எழுதுவது சபைக்குப் பொருந்தாது. துள்ளினேன்.

அந்நொடியே நாடெங்கும் கதவு திறக்க ஆணையிட்டேன். தங்கள் ஆணைக்கு எதிரான ஆணை அது. தண்டனைக்கு உரியவன் நான் ஒருவனே. வெண்ணியை அதில் சேர்க்க வேண்டா. அவள் நாட்டுக்காக உதைக்கவில்லை என்பது வாக்குமூலத்திலேயே உள்ளது.

கதவு திறக்கத் திறக்கத் தெரு தெருவாகச் சிரிப்பு எழுந்தது. கீச்சொலித் தெருவார் ஒரு பறவையைக் கேட்டதாகச் சாதிக்கின்றனர். உச்சித் தெருவார் இடி என்கின்றனர். அது சிறுமியின் வயிறு என்று நான் கருதுகிறேன். நடுத்தெருவில் ஒருவன் தும்மலைக் கேட்டுவிட்டு அது முடிந்ததா இல்லையா என்று இன்னும் காத்திருக்கிறான். எல்லோரும் எல்லோரிடமும் சொல்கின்றனர். யாரும் யார் சொல்வதையும் கேட்கவில்லை. கேட்கும் நாட்டில் இப்படி.

ஒன்றை மறைக்க மாட்டேன். சில வீடுகளில் பதில் இல்லை. உப்பில் மூழ்கிய தூவியர் எழவில்லை. தூவியருக்கு வழித்தோன்றல் கிடையாது. அவ்வீடுகள் இனி அப்படியே இருக்கும். அவர்களைத் தாங்கியவர்கள் இன்றும் வாயிலில் நின்று உப்பை வாங்கி அப்பால் கொடுக்கின்றனர். மற்றவருடைய உப்பை. ஆகையால் இச்சிறுமிக்குச் சில ஓசைகள் மங்கலாகவே வரும். மற்றவை வரும். வருகின்றன.

வேண்டுகோள்கள் எழுதுகிறேன். ஆணை போல் தொனித்தால் பொறுத்தருள்க. மகிழ்ச்சி மிகுதியே காரணம்.

செவிமண்டபத்தைக் கண்நாட்டுக்குக் கொடுக்க வேண்டா. அவர்கள் பெட்டிகளை இறக்கியிருந்தால் ஏற்றச் சொல்க. அவர்கள் நல்லவர்கள். பூ, விளக்கு, முகம் எல்லாம் அவர்களிடம் உண்டு. எங்களிடம் ஒரு மண்டபம்தான் உண்டு. மண்டபத்துப் பணியாளர் ஒத்திகை மறந்திருப்பர். அவர்களை அடிக்க வேண்டா. ஒரே செய்தியைப் பலமுறை அனுப்பச் சித்தமாக இருக்கிறோம். இடச்செவி நாட்டிலும் இதே ஆணையால் கதவுகள் அடைத்துக் கிடக்கின்றன. அங்கும் திறக்கச் சொல்லி இவ்வோலை கண்டதும் ஆள் விடுக. அங்குள்ள அமைச்சர் ஆணையை மீறாதவர். அவராகத் திறக்கமாட்டார்.

இதனைச் சுமந்து வரும் நரம்புத் தூதரை எவ்வாயிலிலும் நிறுத்த வேண்டா.

இனி ஒன்று. எங்களுக்கு விளங்காதது. தங்களுக்கு விளங்கலாம்.

சற்றுமுன்பு நடுத்தெருக்கள் எல்லாம் ஒருசேரத் துள்ளின. பறவையன்று, கிண்ணமன்று. மிக அருகிலிருந்து வந்தது. மென்மையான ஓசை. சிறிது நின்று மீண்டும் வந்தது, அதே ஓசை. கொற்றன் அதை ஆணை என்கிறான். வெண்ணி, “ஆணையா? ஆணை இப்படியா கொஞ்சும்?” என்கிறாள். பொருள் அறிவது எங்கள் தொழில் அன்று. உள்ளபடியே அனுப்பியிருக்கிறோம். இந்நேரம் மண்டபத்தின் கயிறுகள் ஆடியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் அது பதிலுக்குக் காத்திருப்பது போல் நிற்கிறது. பதில் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. வாய்நாடு தங்கள் ஆட்சியில் உள்ளது. அவர்களுக்கு இன்னும் பேசத் தெரியாது என்பதை அறிவேன். ஏதாவது செய்யச் சொல்க. சிரித்தாலும் போதும்.

சுருள் முத்திரை இட்டேன். ஏரி அசைக. உப்பு ஓடுக. கதவுகள் திறந்திருக்க.

இப்படிக்கு, திருவடி தொழும் விடங்கன்.

முத்திரை காய்வதற்குள் மறுபடியும் வந்தது. அதே ஓசை. விரைக, பேரரசே. யாரோ காத்திருக்கிறார்.