மேலே மிதந்தது

அண்ணி,

இன்று காலை ஐஸ் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்கள் மருமகள் வேலைக்குக் கிளம்பும் முன் குழந்தைக்குப் பீய்ச்சி வைத்த பால், ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டிலில் இருந்தது. அடியில் நீலம் பாய்ந்த தண்ணீர்போல, மேலே மஞ்சளாக ஒரு பட்டை. யாரும் தொடாமலே ஏறி நின்றிருந்தது. ஐஸ் வாங்காமலே திரும்பிவிட்டேன். ஆறு வருஷம் கழித்து இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஏழாம் மாசத்திலேயே பிறந்து, சென்னை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள் உன் மகள். நீ ஆபரேஷன் புண்ணில் சீழ் வைத்து நம் பசியாவரம் தீவில் படுத்திருந்தாய். அண்ணன் கடலுக்குப் போயாக வேண்டும். உன் பாலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிற வேலை நாத்தனார் என் தலையில் விழுந்தது. படகில் பழவேற்காடு, பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில்.

இறால் பெட்டியில் ஐஸ் உருகி, மேலே வழவழப்பாக எது மிதந்தாலும் கெட்டது என்று வழித்துக் கொட்டுகிற வீடு நம்முடையது. அந்தப் புத்திதான் எனக்கு. தினமும் படகுத்துறையில் உட்கார்ந்து, வெந்நீரில் கழுவிய கரண்டியால் உன் பாலில் மிதந்த மஞ்சளை அள்ளி ஏரியில் விட்டேன். சுத்தம் பார்க்கிறேனாம்! சில நாளிலேயே மடவை மீன்கள் நான் வருமுன்பே அங்கே கூடி நின்றன. தண்ணீருக்கு மேல் வாய்கள் மட்டும், சத்தமில்லாமல்.

திரும்பி வந்ததும் நீ கேட்பாய்.

"இன்னாடி சொன்னாங்க? எட ஏறிச்சா?"

"இல்ல அண்ணி."

"எம்பாலு வெறும் தண்ணிடி. நான் பாவி."

ஒருநாள் நர்ஸம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏம்மா, இதுல கொழுப்பே இல்லையே?" என்றார். நான் செய்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "அதாம்மா புள்ளைக்கு பலம்! அந்தக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத துளித்துளியா இருக்கும். மார்ல இருக்கிற செல்லு, ஒவ்வொரு துளிக்கும் தன் தோல்லயே கொஞ்சம் போத்தித்தான் வெளிய அனுப்பும். மூளை வளர, கிருமி அண்டாம இருக்க, அதுதாம்மா வேணும்."

அதன்பின் கரண்டியைத் தொடவில்லை. எடை ஏறியது. எப்படி என்று நீ கேட்டாய். "மருந்து மாத்தினாங்க" என்றேன். பயம், அண்ணி. நீ திட்டினால் தாங்குவேன். அழுவாயே என்றுதான் பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நான்காம் நாள் விடிகாலை மூச்சு முட்டி நீ போய்விட்டாய்.

முந்தின நாள் நீ தந்த பால் ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. உன்னைப் புதைத்த மறுநாள் அதை எடுத்தபோது அம்மா பெட்டிமேல் கை வைத்தாள்.

"செத்தவ பாலுடி. குடுக்காத. கொயந்தையக் கூட்டிக்கினு பூடுவா."

"எங்கண்ணி அப்படிப்பட்டவளா?" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன்.

மடவைகள் படகோடு கூடவே வந்தன. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. துறையில் பாட்டிலை மெல்லச் சுழற்றிக் கலந்திருந்தேன். ரயிலில் திறந்து பார்த்தால் மஞ்சள் மறுபடி மேலே ஏறியிருந்தது. நீ மண்ணுக்குள் இருந்தாய். பால் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மிதப்பது முதலில் உள்ளே போகட்டும் என்று நர்ஸம்மா சிரிஞ்சின் முனையை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தார். பாப்பாவின் மூக்கில் விட்டிருந்த குழாயில் மஞ்சள் மெதுவாக நகர்ந்தது. உன் தோல் போர்த்திய துளிகள். பாப்பா கண் திறந்து, என் தோளுக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. நான் திரும்பவில்லை.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. மருந்தால் பிழைத்தவள் என்று ஊரில் யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிறேன், "எங்கண்ணி பாலால பொயச்சா!" என்று. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. அம்மாவிடமும் சொல்லியாயிற்று. உன் பாலில் ஒரு குறையும் இல்லை என்று காதாரக் கேட்டிருக்க வேண்டியவள் நீ ஒருத்திதான்.