அடித்தவர் யாரென்று கேட்காத ஆட்டம்

ரெட்டிபாளையம், 9.8.2004

அன்பு சூசை,

"ஏன்டா வாத்தியாரே, எம்மவ பேர எதுக்குடா அடிச்ச?" என்று மாவட்டக் கால்பந்து அணித் தேர்வன்று கேட்டாய். அவள் உதைக்கு வேகம் போதாது என்றேன். அதோடு நீ பேச்சை நிறுத்திவிட்டாய்.

நேற்று மகள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கோல்ஃப் விளையாடினோம். என் மனைவி அடித்த பந்து குழியில் விழுந்தது. "உங்க பொண்டாட்டின்னு பாத்து இது என்னைக் கழிச்சுக் கட்டலையே!" என்றாள். ஆயுள் முழுக்க உதாரணம் சொன்னவனுக்கு அவள் ஓர் உதாரணம் சொல்லிவிட்டாள்.

உன் மகள் சுகன்யா அன்று நன்றாகத்தான் ஆடினாள். நண்பன் மகளைச் சேர்த்தான் என்று நாலு பேர் சொல்வார்களே என்றுதான் அவள் பேரை அடித்தேன். தேர்வுக் குழுவிடமும் இதைச் சொல்லிவிட்டு அதிலிருந்து விலகிவிட்டேன். வரும் ஞாயிறன்று வேறு ஆட்கள் அவள் ஆட்டத்தை மறுபடி பார்ப்பார்கள்.

காலை ஆறு மணிக்கு அவளை அரியலூர் மைதானத்துக்கு அழைத்து வா.

உன் வாத்தியார்