கொடியில் நான் தைத்த சிங்கம்

மச்சான்,

ரங்கூன் லான்மடாவில் இருக்கும் அந்தக் கணினித் தையல் கடைக்குப் போய்வந்து பத்து நாளாகிறது. உருகிய பசையும் கருகிய நூலும் கலந்த நாற்றம் இந்தச் சட்டையை விட்டு இன்னும் போகவில்லை. ஙாப்பி மீன் விழுதை வாய் நிறையத் தின்று வளர்ந்த எனக்கே குமட்டுகிறது என்றால் பார்த்துக்கொள்.

உன் கொடியைத்தான் கொண்டுபோயிருந்தேன். கனடாவின் வடக்கே நர்ஸாக இருக்கும் உன் மகள் கேட்டாளே, அது. அங்கத்துப் பழங்குடியான கிரீ மக்களும் மற்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்து நடத்தும் வட்டார அரசின் கொடி. தான் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட கிரீ அம்மாவுக்குக் கொடுக்க, "அப்பா கையால தச்சதுதான் வேணும்" என்றாள். போனில் கொடியின் படம் வந்த அன்றே, கிரீ தலைவர் ஒருவருக்கு ரங்கூன் ஆற்றில் நான் படகு விடக் கற்றுக்கொடுத்த கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

"போன வாரம் அவரு ஜப்பான்காரரா இருந்தாரே, மாப்ள" என்றாய்.

கொடியைத் தைத்துக்கொண்டிருந்த நீ மீன் வாங்கப் போன நேரம், சின்னத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த துணியில் ஒரு சிங்கத்தைத் தைத்துவிட்டேன். பிடரிக்கு மட்டும் மூன்று மஞ்சள் நூல். நீ வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாய்.

"என்ன மாப்ள இது?"

"காலியா இருந்துச்சு மச்சான். சிங்கம் இல்லாத அரசாங்கம் உண்டா?"

"அவங்க ஊர்ல சிங்கம் இருக்கா?"

"இல்லாட்டி என்ன, நாம குடுப்போம்."

நீ கத்தவில்லை. "எங்கம்மா பர்மாக்காரி, அப்பா தமிழு. பாக்குறவன்லாம் எங்கிட்ட ஒண்ணச் சேப்பான், இல்ல ஒண்ணப் புடுங்குவான். இது ரெண்டு சனம் பேசி வச்ச கொடி. சேக்குறதுக்கு நீ யாரு?"

மூன்று நாள் உட்கார்ந்து சிங்கத்தின் நூலைப் பிரித்தாய். துளைகள் மறையவில்லை. புதுத் துணியில் முதலிலிருந்து தொடங்கினாய். சின்னம் பாதியில் நிற்க, ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை.

மீதியைத்தான் அந்தக் கடையில் கொடுத்தேன். கடைக்காரன் திரையைத் திருப்பிக் காட்டினான். "ஊலே" என்று பர்மியத்தில் மாமா முறை வைத்துக் கூப்பிட்டான். "ஓரத்துல தங்க நூலு, மேல ஒரு கழுகு. காசு வேணாம் மாமா. மொட்டையா கெடக்கு பாருங்க." பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது ஒரு அமெரிக்கன் என்றான். அந்தச் சிரிப்பு என்னுடையது, மச்சான். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எவன் மேல் துப்புவது? துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் ஊசியை எடுத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து நானே முடித்தேன். கோணல்தான். ஆனால் படத்தில் இல்லாதது ஒரு நூல்கூட இல்லை. நேற்று அனுப்பியாயிற்று.

"யாரு மாமா முடிச்சது?" என்று போனில் கேட்டாள் உன் மகள்.

"எல்லாம் உங்கப்பன். கடைசிப் பாதிச் சின்னம் மட்டும் நான்."

அந்தக் கடைக்காரனின் அமெரிக்கனும் என் ஜப்பான்காரனும் நாக்கு நுனி வரை வந்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பழைய துணி என்னிடம் இருக்கிறது. ஜன்னலில் பிடித்தால், நீ பிரித்த துளைகள் வழியே வெளிச்சம் வந்து சிங்கம் முழுதாகத் தெரிகிறது, பிடரியோடு. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.