மூன்றாவது தட்டில் மூன்று கரு

நவ. 9, 1998. திங்கள்
மழை. செய்ய: கழுவும் திரவம் தயாரிக்க, கண்ணாடித் தட்டுகள் அவிக்க, கொழும்புக்குப் போன்.

மிருக ஆஸ்பத்திரிக்கு அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லம்மா என்றொருவர். கொழுந்து பறிப்பவர். தன் நாய் ராணிக்குக் கருத்தடை செய்ய வேண்டுமாம். இணைசேர்ந்து பன்னிரண்டு நாள். கருக்கள் இப்போதுதான் கருப்பைக்கு இறங்கியிருக்கும். கொழும்புப் பேராசிரியர் தன் ஆராய்ச்சிக்குக் கேட்டுக்கொண்டேயிருக்கும் அதே கட்டம். மனம் துள்ளியது. உடனே வெட்கம்.

"குட்டி தங்கியிருக்கும். ஈன்ற பிறகு செய்யலாமே" என்றேன்.

"வேணாங்க. போன ஈத்துல ஆறு குட்டி. தோட்டத்து வாட்சர் சாக்குல கட்டி ஆத்துல விட்டுட்டாரு. நான் மலையில வேலையா இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல."

நாளை சத்திரசிகிச்சை, கருப்பையையே எடுப்பது. கருவை ஆராய்ச்சிக்கு எடுப்பது பற்றி இன்னும் கேட்கவில்லை.

நவ. 10
காலையில் செல்லம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்குங்க டாக்டரம்மா?"

"வேற நாயின்ர வயித்தில வச்சு வளக்கேலுமோ எண்டு பாக்க."

யோசித்தார். "பொழைச்சா சொல்லுங்க. பொழைக்காட்டியும் சொல்லுங்க."

ராணி நலம். எடுத்த கருப்பையின் ஒரு முனையில் ஊசியால் வெதுவெதுப்பான திரவம், மறுமுனையில் தட்டு. முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும். மூன்றாவதில் மூன்று.

செல்லம்மாவுக்கு நுணுக்குக்காட்டியில் காட்டினேன். "ஜவ்வரிசி மாதிரி" என்றார். பிறகு, "இதுகளுக்கு வலிக்குமா?"

"நோகாது."

கருக்களைக் கொண்டுபோக நாலு மணிக்குக் கொழும்பு வேன். வரவில்லை. ஹல்துமுல்லையில் மண்சரிவு. நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

நவ. 11
வேன் பதினொன்றுக்கு வந்தது. மூன்றும் சுருங்கிக் கறுத்துவிட்டன. அதில் வந்த விரிவுரையாளருக்குக் கவலையில்லை. "கருவை எடுக்கேலும் எண்டு காட்டிட்டியள் மிஸ். அறிக்கைக்கு அது போதும்."

செல்லம்மா கேட்டால், கொழும்புக்குக் கொடுத்துவிட்டேன் எனலாமா?

நவ. 19
தையல் பிரிப்பு. செல்லம்மா ஒன்றும் கேட்கவில்லை. ராணியின் தலையைப் பிடித்தபடி நின்றார். கடைசித் தையலும் வந்தது. கத்தரியை வைத்தேன்.

"மூண்டும் செத்துப்போச்சு. அடுத்த நாளே."

"தெரியுங்க. பொழைச்சிருந்தா ஆள் அனுப்பியிருப்பீங்க."

வாசல்வரை போய்த் திரும்பினார். "எங்க பொதச்சீங்க?"

தட்டைக் கழுவிக் கைகழுவும் தொட்டியில் ஊற்றியதைச் சொன்னேன். தலையாட்டினார். நாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.