டீச்சருக்கும் பள்ளிக்கூடம்

அன்புள்ள அம்மணி அக்ஷயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் வீட்டாரும் சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி இனியாவும் சுகமாக இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், வரி சில இடத்தில் மேடேறிப் போகும், பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்கிறாள் உன் அம்மா. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் உன் அண்ணி அன்புச்செல்வியைப் பற்றியது. நம் ஊர் அங்கன்வாடி டீச்சராக இருக்கும் அவளை இந்த வருஷம் குழந்தைக் கல்விப் படிப்புக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வாரத்தில் செவ்வாயும் புதனும் கோபி டவுனில் வகுப்பு. கட்டணமும் பஸ் செலவும் அரசாங்கத்துடையது, சம்பளமும் நிற்காது. பெரிய வகுப்பு வாத்தியாருக்குத்தான் பெரிய படிப்பு வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவளும் படிக்க வேண்டும், அதை அவள் கைக்காசில் படிக்க விடக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அவர்கள் நன்றாயிருக்கட்டும். அவள் படித்துவிட்டு வந்து செய்கிறதைப் பார்க்க வேண்டுமே. சிலேட்டை ஓரமாக வைத்துவிட்டாள். பிள்ளைகள் மாவு உருட்டுகிறார்கள், அவரைக்கொட்டையை நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள், பேப்பர் கிழிக்கிறார்கள். முதலில் விரல் பழகட்டும், எழுத்து தானே வரும் என்கிறாள். எனக்கும் அதே வைத்தியம்தான். முதியோர் வகுப்பில் பென்சில் பிடித்தால் என் விரல் மடங்கவே இல்லை. "மாமா, மம்பட்டி புடிச்ச வெரலுங்க, எறுகிப்போச்சு, தெனமும் சித்தெ மாவு பெசைங்க" என்றாள். பிசைந்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க, கடுதாசி எழுதப் போறீங்களா, முறுக்குச் சுடப் போறீங்களா" என்று கேட்டாள். அந்த மாவு பிசைந்த கைதான் இதை எழுதுகிறது.

ஆனால் அந்தப் படிப்பு பாதியில் நிற்கப் பார்த்தது. அங்கன்வாடியில் உதவியாளர் இடம் காலியாகக் கிடக்கிறது, அதனால் செவ்வாயும் புதனும் பூட்டுத்தான். பெற்றவர்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியார் பள்ளி வேனில் ஏற்ற ஆரம்பித்தார்கள். இப்படியே பிள்ளைகள் குறைந்தால் படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லி ஆபீசில் சொல்லிவிடுவார்கள் என்று உன் அண்ணி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. காந்தி ஜெயந்தி கிராம சபையில் மயிலாத்தாள் எழுந்துவிட்டாள், பேரனை அங்கன்வாடியில் விட்டுவிட்டு மஞ்சள் காட்டு வேலைக்குப் போகிறவள் அவள். "படிக்கப் போனா நல்லாச் சொல்லிக் குடுப்பான்னு பாத்தா, அவரக்கொட்டை பொறுக்க உடறாளுங்க. அதுக்கு எங்க களத்துலயே உட்டுப்போடலாமுங்களே" என்றாள். ஊரே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து என் கைக்கதையைச் சொன்னேன். "அப்பிடீன்னா நீங்களும் பால்வாடியில சேந்துக்குங்கண்ணா, மத்தியானம் முட்டை போடறாங்க" என்றாள் அவள். அதற்கும் சிரிப்பு. அப்போதுதான் உன் அண்ணி எழுந்தாள். நான் சண்டை வருமென்று பயந்தேன். அவளோ, மயிலாத்தாள் அக்கா கேட்பதுதான் நியாயம், அவரைக்கொட்டை எதற்கென்று நாளை வந்து பாருங்கள், காட்டுகிறேன், ஆனால் ரெண்டு நாள் பூட்டிக் கிடந்தால் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை எங்கே விடுவார்கள், டீச்சரைப் படிக்க அனுப்புகிறவர்கள் அந்த நாளுக்கு ஓர் ஆளையும் அனுப்ப வேண்டும், அதைத் தீர்மானமாகப் போடுங்கள் என்றாள். தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியவள் மயிலாத்தாள்தான். தீர்மானம் மேலே போனது, படிப்பு முடியும்வரை அந்த ரெண்டு நாளுக்கும் குழந்தையம்மாள் என்ற மாற்று டீச்சரைப் போட்டுவிட்டார்கள். நம் ஊருக்கு மட்டுமல்ல, ஒன்றியத்தில் படிக்கப் போகிற எல்லா டீச்சருக்கும் அப்படியே செய்யச் சொல்லி உத்தரவாம். எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நீ போனவாரம் இனியா ஏபிசிடி எழுத மாட்டேன் என்று அழுகிறாள், ரெண்டு அடி போட்டேன் என்றாய். வேண்டாம் கண்ணு. சப்பாத்திக்குப் பிசையும்போது அவளுக்கும் ஓர் உருண்டை கொடு. எழுபது வயதில் நானே எழுதிவிட்டேன், அவளுக்கு என்ன அவசரம். மாப்பிள்ளையை வண்டியில் நிதானமாகப் போகச் சொல். எல்லாரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருங்கள். அடுத்த வாரம் உன் அண்ணிக்கு முதல் பரீட்சை. அவள் அங்கே எழுதும்போது நான் இங்கே உட்கார்ந்து உனக்கு எழுதுவேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுவது உன் அம்மா பாடு. இந்தச் செவ்வாய் காலை பஸ் ஏற நின்ற உன் அண்ணியைப் பார்த்து, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மயிலாத்தாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. "ஏனம்மணி, நல்லாப் படிச்சுப்போட்டு வா. பாஸாகாம வந்தீன்னா பால்வாடிக்குள்ள உடமாட்டேன் பாத்துக்க!"

இப்படிக்கு, தன் கையாலேயே பெயரெழுதும்
உன் அப்பா
நஞ்சுண்டன்