குடியுரிமைக் கேள்வியும் மதில்பூவும்

மச்சான்,

இன்று காலை ஃப்ரிபூர்க் கீழ்நகருக்கு இறங்கும் கற்படிகளில் மூச்சு வாங்க நின்றேன். என் வயிற்றைப் பற்றி நீ சொல்லியிருக்கக்கூடியதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பக்கத்து மதிலில் உன் பூ. சுண்டுவிரல் நகத்தளவு ஊதா, உதட்டில் மஞ்சள் பொட்டு. நீ கண்ணை மூடிய பிறகும் வெட்கமில்லாமல் பூக்கிறது.

முதன்முதலில் அதைக் கண்டபோது, வட்ட இலையைப் பார்த்து, "வல்லாரையடா! சம்பல் போடுவம்" என்று பையை விரித்தவன் நான். நீ கையைத் தட்டிவிட்டாய். "விசரா, பச்சையாக் கண்டதெல்லாம் உனக்குத் தேங்காய்ப்பூவோடயோ? பூவைப் பார்."

பிறகு உனக்கு அதே பைத்தியம். ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்ததும் நாங்கள் பஸ்ஸுக்கு ஓட, நீ மதில் மதிலாகப் போவாய். பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடுக்கு, பாலத்தடி, தேவாலயத்தின் ஈரப்பக்கம் எல்லாம் அதன் வீடு. புதுக் கொங்கிறீட்டை அது மதிக்காது. பூக்கும்வரை வெளிச்சத்தைப் பார்க்கும் காம்பு, காய்த்ததும் திரும்பி, சுவர் வெடிப்புக்குள் விதையை வைப்பதை நீ காட்டினாய். என் மனைவி இன்றுவரை அதை நம்பவில்லை.

பிறகு உன் சுவிஸ் குடியுரிமை நேர்முகம். முன்பு ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதுவும் தவறினால் இனிக் கேட்பதில்லை என்றிருந்தாய். மலை, ஏரி, சீஸ் எல்லாவற்றையும் உன்னைப் பாடமாக்க வைத்தேன். ஊர்ப்பூ எது என்றால் மலையுச்சி வெள்ளைப்பூ எடெல்வைஸ் என்று சொல் என்றேன்.

கேட்டார்கள். நீ மதில்பூவைச் சொன்னாய். கேள்வி கேட்ட அம்மா சிரித்தாராம்: "மொசியே, அது இத்தாலிப் பக்கத்திலயிருந்து வந்தது. தோட்டத்தால தப்பினது."

"ஓம் மடாம். ஆனா அது இல்லாத பழைய மதில் ஒண்டை எனக்குக் காட்டுங்கோ."

வெளியே காத்திருந்த நான் தலையில் கைவைத்தேன். "போச்சு! எடெல்வைஸ் எண்டு சொல்ல வாய் நொந்ததோ?"

"நான் அதைக் கண்டதே இல்லையடா. காணாததைச் சொல்லியோ ஊர்க்காரன் ஆகிறது?"

சிவப்புக் கடவுச்சீட்டு வந்தது. என் பயிற்சியால்தான் நீ தேறினாய் என்று நான் ஊரெல்லாம் கதை பரப்பினேன். நீ மறுக்கவுமில்லை, பெரிய மனசு உனக்கு.

எனக்கோ இன்னும் வதிவிட அனுமதி அட்டைதான். நேரமில்லை என்று சொல்லித் திரிந்தேன். அது பயம் என்பது உனக்குத் தெரியும். அடுத்த கிழமை எனக்கு நேர்முகம். நேற்று மனைவி பயிற்சிக்குக் கேட்டாள்: "இந்த ஊரில உங்களுக்குப் பிடிச்சது என்ன?"

பாடமாக்கிய ஏரி வாய்க்கு வரவில்லை. "இங்க எனக்கொரு கூட்டாளி இருந்தவன்" என்று தொடங்கிவிட்டேன். அவள் திருத்தவில்லை. அங்கேயும் அப்படித்தான் தொடங்கப்போகிறேன்.